கோத்தகிரியிலிருந்து ந்ஜோம்பேக்கு மிஷன் ஆசிரியராகப் போகிறவர்களுக்கு

தான்சானியாவின் தென்பகுதி மேட்டுநிலத்தில் ந்ஜோம்பே என்று ஓர் ஊர். உயரம் ஏறக்குறைய நம் குன்னூர் உயரம்தான். சீகை மரத் தோப்புகள், சுற்றுவட்டாரத்தில் தேயிலைத் தோட்டங்கள், காலையில் மூட்டம், ஜூன் ஜூலையில் ஸ்வெட்டருக்குள்ளும் நுழையும் குளிர். கோத்தகிரியிலிருந்து போய் இறங்குகிறவருக்கு முதல் வாரம் வெளிநாட்டுக்கு வந்த உணர்வே இருக்காது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஊர் நம் ஊர் மாதிரி இருப்பதால் வகுப்பறையும் நம் வகுப்பறை மாதிரிதான் இருக்கும் என்று நினைத்து, வந்த மூன்றாம் நாளே சாக்பீஸைக் கையில் எடுத்துவிடுகிறார்கள்.

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் ஆப்பிரிக்க மிஷன் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை ஆயத்தப்படுத்தி அனுப்பியதிலும், திரும்பி வந்தவர்களோடு உட்கார்ந்து விவரம் கேட்டதிலும் நாங்கள் தெரிந்துகொண்டவை இங்கே இருக்கின்றன. உதாரணங்களைத் தான்சானியாவிலிருந்தே எடுத்திருக்கிறோம். நாடு மாறினால் மொழியும் தேர்வு முறையும் மாறும். வேலையின் அடிப்படை பெரும்பாலும் மாறாது.

முதல் மூன்று மாதம் பாடம் நடத்தாதீர்கள். ஒப்பந்தம் எழுதும்போதே இதைப் பள்ளியிடம் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். கணிதம், இயற்பியல் ஆசிரியர் பற்றாக்குறையால் தவிக்கும் பள்ளி, "நாளையிலிருந்தே ஃபாரம் ஒன் (உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பு) எடுங்கள்" என்று கெஞ்சும். இரக்கப்பட்டு ஒத்துக்கொண்டால் வாரத்துக்கு 25 பீரியட் தலையில் ஏறும். மொழி படிக்க நேரம் இருக்காது. இரண்டு வருடம் முடிந்து திரும்பும்போதும் வணக்கம், நன்றி, விலை என்ன என்ற மூன்று வார்த்தையோடுதான் திரும்புவார்கள். இதைப் பலமுறை பார்த்துவிட்டோம். பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

நம் மலைக்கு வந்தவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். 1846இல் கேத்தியில் பாசல் மிஷன் ஊழியம் தொடங்கியது. அதில் வந்த மெட்ஸ், படகர் மொழியைப் பேசக் கற்றுக்கொண்டு ஹட்டி என்று சொல்லும் படகர் ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் நடந்தே போனவர். தோடர்களிடையே நெடுங்காலம் ஊழியம் செய்த காதரின் லிங் காலத்தில் மாற்கு சுவிசேஷம் தோடர் மொழியில், தமிழ் எழுத்தில் அச்சானது. ஊட்டியில் பள்ளி நடத்திய ஜி.யு.போப்பின் தமிழைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இந்தியக் கரையில் கால் வைக்கும் முன்பே அவர் தமிழ் படிக்க ஆரம்பித்திருந்தார். பொதுவாக மிஷனெரிகள் முன்ஷியிடம், அதாவது உள்ளூர் மொழி ஆசிரியரிடம், உட்கார்ந்து படித்து, மொழித் தேர்வில் தேறிய பிறகுதான் அவர்கள் கையில் முழுப் பொறுப்பு தரப்பட்டது. அவர்கள் செய்த எல்லாவற்றையும் நாம் பின்பற்ற வேண்டாம். இதைப் பின்பற்றலாம். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். தரங்கம்பாடியின் லுத்தரன் பாரம்பரியத்தை 19ஆம் நூற்றாண்டில் எடுத்து நடத்திய லைப்ஸிக் மிஷன்தான் 1893இல் கிளிமஞ்சாரோ அடிவாரத்திலும் ஊழியம் தொடங்கியது. அங்கே இருக்கிற சபையும் நம் சபையும் ஒரு வகையில் பங்காளிகள். அங்கே நாம் உதவிக்கரம் நீட்டப் போகவில்லை, உறவு முறையில் போகிறோம்.

சுவாஹிலி தமிழருக்குக் கடினமான மொழி அல்ல. 'படிக்கிறேன்' என்பதில் படி, க்கிற், ஏன் என்று மூன்று துண்டுகள் ஒட்டியிருக்கின்றன அல்லவா? சுவாஹிலியிலும் அப்படியே ஒட்டும். வரிசைதான் தலைகீழ். நி என்றால் நான், நா என்பது நிகழ்காலம், சோமா என்றால் படி. நினாசோமா, படிக்கிறேன். நிலிசோமா, படித்தேன். நிட்டாசோமா, படிப்பேன். அனாசோமா, அவர் படிக்கிறார். பகுதி கடைசியில், ஆள் முதலில், காலம் நடுவில். இந்த ஒரு அச்சு கைவந்துவிட்டால் 50 வினைச்சொற்களை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதையும் ஓட்டிவிடலாம். பெயர்ச்சொல்லில் பன்மை முன்னால் மாறும். கிட்டி என்றால் நாற்காலி, விட்டி என்றால் நாற்காலிகள். ம்டோட்டோ பிள்ளை, வாடோட்டோ பிள்ளைகள். இதை இலக்கணமாக உருப்போட வேண்டாம். ஒருமை, பன்மை இரண்டையும் சேர்த்தே ஒரு சொல்லாக மனதில் போடுங்கள்.

நம்மவர்கள் தடுக்கி விழுவது ஒலியில். தயவுசெய்து சுவாஹிலிக் குறிப்புகளைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். அப்பாவைக் குறிக்கும் சொல்லும் சுறாமீனைக் குறிக்கும் சொல்லும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பாபா'தான். முதலாவது அதிர்ந்து வரும் ப, இரண்டாவது 'பல்' என்பதில் வரும் ப. நம் எழுத்துக்கு அந்த வேறுபாடு வேண்டியதில்லை, அவர்கள் மொழிக்கு அதுதான் உயிர். ரோமன் எழுத்திலேயே எழுதிப் பழகுங்கள். சுவாஹிலி எழுதியபடியே வாசிக்கப்படும் மொழி, குழப்பம் இருக்காது.

தினமும் இரண்டு மணி நேரம் ஊர்க்காரர் ஒருவரை மொழித் துணையாக வையுங்கள். சம்பளம் பேசி, வாரக் கடைசியில் கையில் கொடுத்துவிடுங்கள். பள்ளியின் சக ஆசிரியரை இலவசமாகக் கேட்டால் அவர் மறுக்க மாட்டார், ஆனால் மூன்றாவது வாரம் வரவும் மாட்டார். ஒரு நாளைக்கு 15 வாக்கியம் போதும். அவர் பேசுவதை ஃபோனில் பதிவு செய்து, சாயங்காலம் நடக்கும்போது பத்து முறை கேட்டு, மறுநாள் சந்தையில் அதையே ஐந்து பேரிடம் பேசுங்கள். படித்ததை அன்றே பேசாவிட்டால் அது தங்காது. வசதி இருந்தால் மொரொகோரோவில் லுத்தரன்கள் நடத்தும் மொழிப்பள்ளியும், முசோமா அருகே மக்கோக்கோவில் கத்தோலிக்கர் நடத்தும் மொழிப்பள்ளியும் நல்ல அடித்தளம் தரும். அங்கே படித்தாலும் ஊருக்கு வந்து மொழித் துணையை நிறுத்திவிடாதீர்கள்.

வணக்கம் சொல்வதில் கவனம் வேண்டும். வயதில் மூத்தவரைப் பார்த்தால் "ஷிகாமோ" என்று சொல்ல வேண்டும், அவர் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்வார். மாணவர்கள் உங்களிடம் "ஷிகாமோ" சொன்னால் "மரஹபா" சொல்லாமல் நகர்வது, நம் ஊரில் ஒருவர் கும்பிடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது போல. வீட்டு வாசலில் நின்று "ஹோடி" என்று குரல் கொடுத்து, "கரிபு" என்ற பதில் வந்த பிறகுதான் உள்ளே நுழைவது. யாராவது தடுக்கி விழுந்தாலோ, தும்மினாலோ, சுமை தூக்கி வந்தாலோ "போலே" என்பார்கள். மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், "பாவம், கஷ்டமாக இருக்கிறதே" என்று பங்கெடுக்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. பிள்ளை பெற்ற பெண்ணை மூத்த பிள்ளையின் பெயரோடு "மாமா" சேர்த்து அழைப்பார்கள். உங்களை "ம்வாலிமு" என்பார்கள். ஆசிரியர் என்று பொருள். நாட்டின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நியரேரேவை மக்கள் அன்போடு அழைத்த பெயரும் அதுவே. எடை உள்ள சொல்.

மணிக் கணக்கு இன்னொரு பள்ளம். சுவாஹிலியில் நாள் நடு இரவில் தொடங்குவதில்லை, விடியலில் தொடங்குகிறது. காலை ஏழு மணிதான் அவர்களுக்கு ஒன்றாம் மணி. "சாஆ நானே" என்றால் எட்டு மணி என்று சொல்லுக்குச் சொல் பொருள், கடிகாரத்தில் மதியம் இரண்டு. பெற்றோர் கூட்டத்துக்குக் காலை எட்டு மணிக்கே போய் ஆறு மணி நேரம் காத்திருந்தவர்கள் உண்டு. பரவாயில்லை. ஆனால் பஸ் டிக்கெட்டில் இந்தத் தவறு நேர்ந்தால் பஸ் போய்விடும். டிக்கெட் வாங்கும்போது எந்தக் கணக்கு என்று கேட்டு, கடிகாரத்தைத் தொட்டுக் காட்டி உறுதி செய்யுங்கள்.

இப்போது வகுப்பறை. தான்சானியாவில் ஆரம்பப் பள்ளி ஏழு வருடமும் சுவாஹிலி வழியில் நடக்கும் பள்ளிகளே மிகுதி. ஃபாரம் ஒன்னில் கால் வைத்ததும் எல்லாப் பாடமும் ஆங்கிலம். தமிழ் வழியில் பத்தாவது வரை படித்துவிட்டு, பதினொன்றாம் வகுப்பில் ஆங்கில வழி இயற்பியல் புத்தகத்தைத் திறந்த நம் பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த முகம்தான் உங்கள் முன்னால் 60, 70 பேராக உட்கார்ந்திருக்கும். பாடம் புரியாததால் அவர்கள் மௌனமாக இல்லை, பாடத்தின் மொழி புரியாததால் மௌனமாக இருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிற ஆசிரியருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு ஆசிரியருக்கு இது தெரிந்த வலி. நம்மிடம் இருக்கிற மிகப் பெரிய தகுதி இதுதான்.

ஒரு பீரியட் எப்படிப் போகலாம் என்பதற்கு அடர்த்திப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். 40 நிமிடம். கரும்பலகையை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பத்தியில் அன்றைய ஆங்கிலச் சொற்கள் ஐந்து, ஆறுக்கு மேல் வேண்டாம். எதிரே சுவாஹிலிச் சொல். மிதக்க 'எலேயா', மூழ்க 'ஸாமா'. இந்தப் பத்தியைப் பீரியட் முடியும் வரை அழிக்கக் கூடாது. முதல் ஐந்து நிமிடம் சொற்களைச் சேர்ந்து சொல்லவையுங்கள். பிறகு அரை லிட்டர் தண்ணீரில் ஒரு முட்டையைப் போடுங்கள், மூழ்கும். ஐந்து அல்லது ஆறு மேசைக்கரண்டி உப்பைக் கரையுங்கள், மேலே வரும். முட்டை அன்றையதாக இருக்கட்டும். பழைய முட்டையில் காற்று கூடியிருப்பதால் வெறும் தண்ணீரிலேயே மிதந்து பாடத்தைக் கெடுத்துவிடும். முதல் நாள் இரவே வீட்டில் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

அடுத்த பத்து நிமிடம்தான் உயிர்நாடி. ஏன் மிதந்தது என்று பக்கத்தில் இருப்பவரோடு சுவாஹிலியில் பேசச் சொல்லுங்கள். வகுப்பு இரைச்சலாகும், ஆகட்டும். "ஆங்கிலத்தில் மட்டுமே பேச வேண்டும்" என்ற பலகை பல பள்ளி வாசலில் தொங்கும். தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி, உங்கள் பீரியடில் இந்தப் பத்து நிமிடத்துக்கு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு நடுப் பத்தியில் பாதி வாக்கியம் எழுதுங்கள். "தி எக் ஃப்ளோட்ஸ் பிகாஸ்" என்று எழுதி மீதியை விட்டுவிடுங்கள். மாணவர்கள் முடிக்கட்டும். சிந்தனை சுவாஹிலியில் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டதால், இப்போது ஆங்கிலம் மட்டுமே பாரம். இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கச் சொன்னால்தான் பிள்ளை கீழே போட்டுவிடுகிறது. மீதி நிமிடங்களில் நோட்டில் எழுதவிட்டு, வரிசைகளுக்கிடையே நடந்து பாருங்கள்.

ஆய்வுக்கூடம் இல்லை என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஊசல் பாடத்துக்கு நூலும் கல்லும் போதும். தொங்கும் புள்ளியிலிருந்து கல்லின் நடு வரைக்கும் சரியாக ஒரு மீட்டர் இருந்தால் 20 அலைவுக்கு ஏறக்குறைய 40 வினாடி ஆகும். நூலை மட்டும் ஒரு மீட்டர் அளந்து கல்லைக் கட்டினால் கணக்கு இழுக்கும், முதல் முறை எல்லாரும் செய்யும் பிழை இது. கல்லை அதிகம் இழுத்து விடக் கூடாது, கொஞ்சம் சாய்த்தால் போதும். எட்டுப் பேருக்கு ஒரு ஊசல், ஒருவர் எண்ண, ஒருவர் கடிகாரம் பார்க்க, ஒருவர் எழுத.

கரும்பலகை பல இடங்களில் வெளுத்து வழுக்கும். நம் ஊர்ப் பள்ளிகளில் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துத் தேய்ப்போமே, அது அங்கேயும் செல்லும். கோவைக்குப் பதிலாகப் பூசணி இலை. கரியை நன்றாகப் பொடித்து மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள். சலிக்காவிட்டால் பலகையில் கீறல் விழும். சனிக்கிழமை மத்தியானம் தேய்த்து, ஞாயிறு முழுவதும் காயவிட்டு, திங்கள் காலை சாக்பீஸைப் படுக்கையாக வைத்துப் பலகை முழுவதும் ஒருமுறை தேய்த்துத் துடைத்த பிறகு எழுத ஆரம்பியுங்கள். ஊமத்தை இலை வேண்டாம். நம் மலைச் சாலையோரங்களிலும் அங்கேயும் வளரும், ஆனால் விஷம். பிள்ளைகள் அரைத்த கையைக் கண்ணில் வைத்துக்கொள்வார்கள்.

பிரம்பைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். தான்சானியாவில் தலைமை ஆசிரியரின் அதிகாரத்தின் கீழ் பிரம்படி சட்டப்படி இருக்கிறது. ஆசிரியர் அறையில் உங்கள் கையிலும் ஒரு குச்சியைத் தருவார்கள். நம்மில் பலர் அடி வாங்கி வளர்ந்தவர்கள், கை தானாக நீளும். இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்ததைக் கடல் தாண்டிப் போய்ச் செய்யாதீர்கள். சக ஆசிரியர்களுக்கு உபதேசமும் செய்யாதீர்கள். "எனக்கு இது பழக்கமில்லை, வேறு வழியில் பார்த்துக்கொள்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லி, குச்சியை மேசையில் வைத்துவிடுங்கள். உங்கள் வகுப்பு கட்டுக்குள் இருப்பதைப் பார்த்து யாராவது எப்படி என்று கேட்பார்கள், அப்போது பேசலாம்.

பள்ளி உள்ளூர்த் திருமண்டலத்தின் சொத்து. தலைமை ஆசிரியர் உங்களைவிட 15 வயது இளையவராக இருக்கலாம், அவர்தான் மேலதிகாரி. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதுவரை தாங்களே நடத்திய பள்ளிகளில் வெளிநாட்டார் திருமண்டலத்தின் கீழ் வேலை செய்யப் பழக வேண்டியிருந்தது. சிலருக்கு அது எளிதாக இருக்கவில்லை. அதே பழக்கம் நமக்கும் தேவை. மிஷன் பள்ளியில் இஸ்லாமியப் பிள்ளைகளும் படிப்பார்கள். இயற்பியல் பீரியடை ஜெபக்கூட்டமாக மாற்றாதீர்கள். சாட்சி என்பது நேரத்துக்கு வகுப்புக்குப் போவதிலும் விடைத்தாளை மறுநாளே திருத்தித் தருவதிலும் இருக்கிறது. மாணவர்கள் அதைத்தான் கவனிக்கிறார்கள்.

காகித வேலைக்கு ஆறு மாதம் வையுங்கள். தமிழருக்கே உரிய பிரச்சினை பெயர். கல்லூரிச் சான்றிதழில் தந்தை பெயருக்கு ஓர் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அது முழுப் பெயராக விரிந்திருக்கும், அல்லது குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். அங்கே குடியிருப்பு அனுமதி தருகிற அலுவலர் இரண்டு வேறு ஆட்கள் என்று கோப்பை ஓரம் வைத்துவிடுவார். எல்லாவற்றுக்கும் முன்னால் பாஸ்போர்ட்டில் பெயரையும் குடும்பப் பெயரையும் பிரித்து நிரப்பி, இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரிக்காரர்களுக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் கோயம்புத்தூர். காவல்துறைச் சான்றையும் இந்த வழியில்தான் வாங்க வேண்டும். அதைச் சீக்கிரம் வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குட்பட்டதையே கேட்பார்கள், மற்றக் காகிதம் தயாராவதற்குள் காலாவதியாகிவிடும். பட்டம், பி.எட். சான்றிதழ்கள் முதலில் மாநில அரசிடம், பிறகு வெளியுறவு அமைச்சகத்திடம், கடைசியில் தேவைப்பட்டால் போகிற நாட்டின் தூதரகத்தில் என்ற வரிசையில் சான்றொப்பம் பெற வேண்டும். வரிசை மாறினால் திருப்பி அனுப்புவார்கள். தான்சானியாவில் குடியிருப்பு அனுமதி ஏ, பி, சி என்று மூன்று வகை. வேலைக்கு பி, மிஷனெரிகளுக்கு சி. உங்களுக்கு எது என்று பள்ளி எழுத்தில் சொல்லும் வரை டிக்கெட் போடாதீர்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் நடத்துவது சட்டக் குற்றம், ஊழியம் என்ற பெயர் அதை மாற்றாது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைச் சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்திலோ துறைமுகச் சுகாதார அலுவலகத்திலோ போடலாம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் போட்டிருந்தால்தான் செல்லும். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போகிறவர்கள் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால் தான்சானியாவில் இறங்கும்போது அட்டையைக் கேட்பார்கள். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும், எனவே தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில் என்ன வைப்பது என்று கேட்பார்கள். மூன்று லிட்டர் குக்கர், கூடவே இரண்டு காஸ்கெட், ஒரு சேஃப்டி வால்வு. உயரத்தில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும், காஸ்கெட் அங்கே கிடைக்காது என்பது தெரியாது. செவ்வக முனைகள் மூன்று உள்ள பிளக்குக்கு அடாப்டர் இரண்டு. எந்தப் பொருளையும் பிளாஸ்டிக் கைப்பையில் சுற்றி வைக்காதீர்கள். 2019 ஜூன் முதல் தான்சானியாவில் அது தடை, விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். நீலகிரியில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. பெண்களுக்குப் புடவையும் சுடிதாரும் தாராளமாகச் செல்லும். அங்கே பெண்கள் உடுத்தும் காங்கா துணியில் ஓரத்தில் ஒரு வாசகம் அச்சிட்டிருக்கும். யாருக்காவது பரிசாக வாங்கினால், வண்ணத்தைப் பார்த்து மட்டும் வாங்காமல் வாசகத்தை ஒருவரிடம் படித்துக் கேட்டு வாங்குங்கள். குத்தலான வாசகங்களும் இருக்கும், கொடுத்தவர் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பணத்தில் ஒரு விஷயம் அனுப்பும் சபைகளுக்குத் தெரிய வேண்டும். வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளையின் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால், வருமானவரித் துறையின் முன் அனுமதி இல்லாமல் அந்தத் தொகைக்கு விலக்கு கிடைக்காது. காணிக்கைக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பிவிட்டுப் பிறகு ஆடிட்டரிடம் திட்டு வாங்குகிறார்கள். புறப்படும் முன்பே ஆடிட்டரோடு உட்காருங்கள். ஆசிரியரும் தன் சேமிப்புக் கணக்கை வங்கியில் சொல்லி வெளிநாடு வாழ் இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும்.

சபைக்கு எழுதும் ஜெபக் கடிதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, ஒரு பக்கம் போதும். மாணவர்களின் முகம் தெரியும் படமும் பெயரும் வேண்டாம். கிழிந்த சட்டைப் பிள்ளையின் படத்தைப் போட்டால் காணிக்கை கூடும் என்பது உண்மைதான். அந்தப் பிள்ளையின் தாய் அதைப் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று யோசியுங்கள். இன்று வாட்ஸ்அப் வழியாக அவள் பார்க்கவும் கூடும். நம் மலையைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படிப் படங்கள் போயின. எந்தப் பாடம் நடந்தது, என்ன தடை, எதற்கு ஜெபிக்க வேண்டும், எவ்வளவு செலவானது, இவ்வளவுதான் கடிதம்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை நிதானமாக வாசியுங்கள். கொடைக்கானலில் 1901இல் அமெரிக்க மிஷனெரிகள் பள்ளி தொடங்கியதே தங்கள் பிள்ளைகளுக்காகத்தான். கோடையில் தாய்மார்கள் மேலே வந்து கூட இருப்பார்கள், மீதி மாதங்கள் பிள்ளைகள் விடுதியில். அந்தப் பிரிவு லேசானதல்ல. நமக்கு வேறு வகைச் சிக்கல். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். ஐந்தாம் வகுப்பில் போய் எட்டாம் வகுப்பில் திரும்பும் பிள்ளை கணிதத்தில் முன்னே நிற்கும், தமிழில் வாசிக்கத் திணறும். வீட்டில் தமிழ் பேசுவது இதற்குப் போதாது. தினமும் 20 நிமிடம் வேதாகமத்திலிருந்து ஒரு பகுதியைச் சத்தமாக வாசித்து, பார்க்காமல் ஐந்து வரி எழுதவையுங்கள். பாடப்புத்தகத்தை இணையத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது, பத்து வகுப்புக்கு நடுவில் ஊர் மாற்றாதீர்கள்.

நான்காவது மாதம் கடினம். புதுமை போயிருக்கும், மொழி இன்னும் வந்திருக்காது. இது உங்களுக்கு மட்டும் நேர்வதில்லை. அந்த மாதத்தில் எந்தப் பெரிய முடிவும் எடுக்காமல், மொழித் துணையோடு சந்தைக்குப் போவதை நிறுத்தாமல் இருந்தாலே கடந்துவிடும்.

மலேரியாவை மலைக்காரர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் நம் உயரத்தில் அதைப் பார்த்ததே இல்லை. உயரமான ஊரில் கொசு குறைவுதான், ஆனால் ஒவ்வொரு பயணமும் கடலோரத்தில் இருக்கிற தார் எஸ் சலாம் வழியாகத்தான். மருந்து தடவிய கொசுவலை, சாயங்காலம் முழுக்கைச் சட்டை. தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். டாக்சிசைக்ளின் தந்தால், போவதற்கு ஓரிரு நாள் முன் ஆரம்பித்து, அந்த இடத்தை விட்ட பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். இந்த நான்கு வாரத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். காய்ச்சல் வந்தால் அன்றே விரல் குத்திப் பரிசோதனை. உறுதியானால் அங்கே 'ம்செட்டோ' என்று சொல்லும் கூட்டு மருந்து, பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு நான்கு மாத்திரை, மூன்று நாளில் மொத்தம் 24. முதல் வேளைக்கும் இரண்டாவது வேளைக்கும் எட்டு மணி நேரம் இடைவெளி. பாலோடோ எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடோ விழுங்கினால்தான் உடம்பில் ஏறும். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுகிறவர்களுக்கு மறுபடியும் வருகிறது.

திரும்பும் மாதத்தில் உங்கள் பாடக் குறிப்புகள் எல்லாவற்றையும் வகுப்பு வாரியாக அட்டையிட்டு ஆசிரியர் அறை அலமாரியில் வையுங்கள். ஆய்வுப் பொருள் பதிவேட்டில் உங்கள் கையெழுத்தும் அடுத்து வருகிறவர் கையெழுத்தும் இருக்கட்டும். முடிந்தால் கடைசிப் பருவம் முழுவதும் உள்ளூர் ஆசிரியர் ஒருவர் பாடம் எடுக்க, நீங்கள் பின் வரிசையில் உட்காருங்கள்.

ஊர் வந்து சேர்ந்த பிறகு மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், கோத்தகிரியோ குன்னூரோ கொடைக்கானலோ, மருத்துவரிடம் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொல்லி, மலேரியாவுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சளி, டைஃபாய்டு என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். நீங்கள் சொல்லாவிட்டால் அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.